தாத்தாவின் குரலுக்குப் பேரீச்சம்பழம்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய சினிமா புரொஜக்டர் ஏதாவது கிடக்கிறதா? உத்தமபாளையம் தாத்தா ஆசைப்பட்டு வாங்கியது, சின்னமனூர் மாமா ஏலத்தில் எடுத்தது, ஏதோ ஒன்று? இருந்தால், தயவுசெய்து ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

இப்போது ஒரு புது வியாதி கிளம்பியிருக்கிறது. 16 எம்.எம்., சூப்பர் 8 புரொஜக்டர்களை வாங்கி, உள்ளே இருக்கிற சாமான்களையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு புளூடூத் ஸ்பீக்கரைச் செருகுகிறார்கள். காபிக்கடை மூலையில் வைக்க, வரவேற்பறையில் வைக்க. செல்போனைத் தட்டினால் புரொஜக்டரின் வயிற்றிலிருந்து பாட்டு வருகிறது. இதற்கு 'விண்டேஜ்' என்று பெயர் வேறு! கன்றுக்குட்டியைக் கொன்று தோலில் வைக்கோல் அடைத்த கதைதான்.

வயர்லெஸ்ஸே கூடாது என்று கொடி பிடிக்க வரவில்லை. பழசைத் தொட்டாலே தோஷம் என்று கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கிற பக்தர்களோடும் எனக்கு ஒத்துவராது. ஓடாத புரொஜக்டர் வெறும் பாரம். அது ஓடணும், திரையில் ஆள் தெரியணும், சத்தம் வரணும். எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதில்தான் சண்டை.

16 எம்.எம். ஃபிலிமில் சத்தம் எங்கே இருக்கிறது தெரியுமா? ஓரத்தில், ஒரு மெல்லிய கோடாக. அதன் வழியே ஒரு குட்டி பல்பின் வெளிச்சம் ஊடுருவிப் போகிறது. எக்ஸைட்டர் லாம்ப் என்பார்கள். கோட்டின் நெளிவுக்கு ஏற்ப வெளிச்சம் கூடிக் குறைய, அந்தப் பக்கம் இருக்கிற போட்டோசெல் அதை மின்சாரமாக்குகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைச் சத்தமாக்குகிறது. கோயில் திருவிழாவில் ஊர் கூடி மணலில் உட்கார்ந்து 16 எம்.எம். படம் பார்த்தோமே, அத்தனை வசனமும் பாட்டும் அந்தக் குட்டி பல்பு வழியாகத்தான் வந்தது. சூப்பர் 8-ல் வேறு ஏற்பாடு. 1973-ல் வந்த சவுண்ட் ஃபிலிமில், ஓரத்தில் டேப் ரெக்கார்டர் நாடா மாதிரி ஒரு பழுப்புக் கோடு. அதைப் படிக்க ஒரு காந்த ஹெட்.

நம் 'விண்டேஜ்' நிபுணர்கள் பிடுங்கி எறிவது இந்த பல்பையும் ஹெட்டையும்தான்.

போகட்டும், ஃபிலிமை டிஜிட்டலாக்கிக்கொண்டால் போச்சு என்கிறீர்களா? வீட்டில் வைத்துக்கொள்கிற மலிவு ஸ்கேனர்கள் படத்தை மட்டும்தான் எடுக்கும், ஒலிக்கோட்டைச் சீண்டாது. கல்யாண வீட்டில் தாத்தா வாயசைப்பார், சத்தம் வராது. இன்னொரு விஷயம். வீட்டு சூப்பர் 8 படங்களுக்குப் பெரும்பாலும் நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் ஓடிய அதே சுருள்தான் கழுவப்பட்டுத் திரையில் ஓடும். உலகத்திலேயே அது ஒன்றுதான். அதைப் பேசவைக்கிற மெஷினைத்தான் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கணக்கில் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

சரி, வயர்லெஸ் எங்கே வேண்டும்? ஸ்பீக்கருக்கும் புரொஜக்டருக்கும் நடுவில். அங்கே மட்டும். பழைய பெல் அண்ட் ஹவல் 16 எம்.எம். செட்டைப் பாருங்கள். ஸ்பீக்கர் தனிப் பெட்டியாகக் கழன்று வரும். நீளமான ஒயரை இழுத்துக்கொண்டுபோய்த் திரைக்குப் பக்கத்தில் வைப்பார்கள். மெஷின் பின்னால் கடகடவென்று கத்தும், கதாநாயகி முன்னால் பேசணும், அதற்காக. புரொஜக்டருக்குள்ளேயே ஸ்பீக்கரைத் திணிக்கிற புத்திசாலிக்கு இந்த அடிப்படையே தெரியவில்லை. குழந்தைகள் தடுக்கி விழுகிற அந்த ஒயருக்குப் பதிலாக வயர்லெஸ் வந்தால் யார் வேண்டாமென்பது?

ஆனால் புளூடூத் வேண்டாம். சாதாரண புளூடூத் சத்தத்தைச் சுருக்கி, அனுப்பி, விரித்து வெளியே விடுவதற்குள் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சில செட்டுகளில் அதற்கு மேலும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிற படத்தில் இது ஏறக்குறைய ஐந்து ஃபிரேம். வாய் மூடிய பிறகு வசனம் வரும். செல்போனில் படம் பார்க்கும்போது இது தெரிவதில்லையே என்று கேட்பீர்கள். போன் படத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்துச் சத்தத்தோடு சேர்த்துவிடுகிறது. புரொஜக்டரின் பல்சக்கரம் யாருக்காகவும் நிற்காது, ஸார்.

16 எம்.எம்.மில் ஒலி, படத்துக்கு 26 ஃபிரேம் முன்னாலேயே பதிந்திருக்கும். படம் விழுகிற இடத்துக்கும் ஒலி படிக்கிற இடத்துக்கும் நடுவில் ஃபிலிமை வளையமாகத் தொங்கவிட்டு அந்த 26-ஐச் சரிக்கட்டுவார் ஆபரேட்டர். புளூடூத்துக்காக அந்த லூப்பில் ஐந்து ஃபிரேம் குறைத்தால் உதடு ஒட்டிவிடும் என்று சில கெட்டிக்காரர்கள் சொல்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் ஐந்து ஃபிரேம் என்றால் கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர். லூப் அவ்வளவு சுருங்கினால் ஃபிலிம் இழுபடும், ஓட்டை கிழியும். இருக்கிற ஒரே காப்பியை வைத்து இந்த விளையாட்டா?

மேடைப் பாடகர் கையில் இருக்கிற வயர்லெஸ் மைக் புளூடூத் அல்ல. தாமதம் காதுக்குத் தெரியாத ரகம். தேனியிலும் கம்பத்திலும் போடியிலும் ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவர்களைக் கேளுங்கள், வழி சொல்வார்கள். புரொஜக்டரின் ஒலி வெளியீட்டிலிருந்து அளவு குறைத்து எடுத்து, அந்த மாதிரி டிரான்ஸ்மிட்டருக்குக் கொடுத்தால் போதும். எதையும் அறுக்க வேண்டாம், ஓட்டை போட வேண்டாம். நாளைக்குப் பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிடலாம். வால்வு ஆம்ப்ளிஃபயராக இருந்தால் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். பதிலுக்குத் தகுந்த ரெசிஸ்டர் போடச் சொல்லுங்கள். அமெரிக்க மெஷின் என்றால் 110 வோல்ட்டா என்று பார்த்துவிட்டு பிளக்கைச் செருகுங்கள்.

ஒரு டப்பா மெஷினுக்கு இவ்வளவு அலட்டலா? தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. இன்றைக்கு அதைப் பார்க்க வழியில்லை. அதற்கு முந்தைய தமிழ் மௌனப் படங்கள் அநேகமாக எல்லாமே போய்விட்டன. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964-ல்தான். கம்பெனிகளே தொலைத்த லட்சணம் இது. வீட்டுச் சுருள்களுக்கு எந்தக் காப்பகம் வரும்?

பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜாவும் அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜாவும் போன பிறகுதான் தமிழ் சினிமாவின் காதும் கண்ணும் மாறின. 'அன்னக்கிளி' 1976, '16 வயதினிலே' 1977. ஊருக்கு ஊர் அந்தப் பெருமை பேசுகிறோம். கம்பம் பள்ளத்தாக்கின் கல்யாணத்தையும் திருவிழாவையும் யாரோ ஒருவர் சுருளில் பிடித்து வைத்திருந்தால், அந்தக் காலத்துப் பேச்சும் மேளமும் சிரிப்பும் அதன் ஓரத்துக் கோட்டில்தான் இருக்கும்.

பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காடி வாடை அடித்தால் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது. அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, வெயில் படாமல், காற்றோட்டமாக வையுங்கள். அவசரப்பட்டு மெஷினில் மாட்டி ஓட்டிவிடாதீர்கள், சுருங்கின ஃபிலிமைப் பல்சக்கரம் கிழித்துவிடும். ஒலியையும் சேர்த்து எடுத்துத் தருகிற லேப் எது என்று முதலில் விசாரியுங்கள். அதுவரை அந்தக் குட்டி பல்பைக் கழற்ற யாரையும் கிட்டே விடாதீர்கள்.