சாலையோர உணவகமும் வீட்டுக் கணக்கும்

செலவைக் குறைக்க வேண்டும் என்று ஒரு குடும்பம் முடிவெடுக்கும்போது, பட்டியலிலிருந்து முதலில் நீக்கப்படுவது வெளியே சென்று உண்ணும் செலவுதான். காப்பீட்டுத் தவணையையோ பள்ளிக் கட்டணத்தையோ தொட முடியாது. உணவகத்தை மறந்துவிடலாம் என்பது பொதுவான எண்ணம். சேமிப்பைப் பற்றி எழுதுவோரும் பெரும்பாலும் இதையே பரிந்துரைக்கின்றனர். இந்த அறிவுரை முற்றிலும் தவறென்று கூறிவிட முடியாது. ஆனால், எல்லா உணவகச் செலவையும் அது ஒரே தலைப்பில் எழுதிவிடுகிறது. ஆண்டுக்கு இருமுறை நட்சத்திர விடுதியில் பெருந்தொகை கொடுத்து விருந்துண்பது ஒரு வகை. பழகிய சிறிய உணவகத்தில், குறித்த நாளில், அளவான செலவில் குடும்பத்துடன் உண்பது வேறு வகை. இரண்டாம் வகைச் செலவுக்கு வீட்டு வரவுசெலவுத் திட்டத்தில் தனி இடம் தர வேண்டும் என்பது என் கருத்து.

இக்கருத்துக்குச் சான்றாக அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒஹாயோ, மிச்சிகன், இண்டியானா, இல்லினாய், விஸ்கான்சின், மின்னசோட்டா, அயோவா, மிசௌரி, கேன்சஸ் உள்ளிட்ட இம்மாநிலங்கள், சோளமும் சோயாவும் விளையும் பரந்த வயல்களும் தொழில் நகரங்களும் சிற்றூர்களும் கலந்த நிலப்பகுதி. நம் வாசகர்களில் சிலருடைய பிள்ளைகள் சிகாகோ, டெட்ராய்ட், கொலம்பஸ் போன்ற நகரங்களில் பணிபுரிகின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோருக்கு உலகெங்கும் கிளை பரப்பிய பெரிய நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் எளிதில் கண்ணில் படும். அவற்றின் நிழலில் பல ஆண்டுகளாக நடந்துவரும் உள்ளூர்க் குடும்ப உணவகங்களே உண்மையில் கவனிக்கத்தக்கவை.

விஸ்கான்சின் மாநிலத்தின் வெள்ளிக்கிழமை மீன் உணவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தவிர்ப்பது கத்தோலிக்கர் வழக்கம். ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் குடியேறியவர்கள் அவ்வழக்கத்தை உடன் கொண்டுவந்தனர். ஏரிகளில் மீன் மலிவாகக் கிடைத்தது. 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தபோது, வருவாய் இழந்த மதுக்கூடங்கள் மீன் பொரித்து விற்றுப் பிழைத்தன. இவை யாவும் சேர்ந்து, பொரித்த மீன், முட்டைக்கோஸ் கலவை, ரை தானிய ரொட்டி, உருளைக்கிழங்கு அடை ஆகியவை அடங்கிய ஓர் உணவையும், அதை உண்பதற்கென்று ஒரு நாளையும் உருவாக்கின. இன்று எல்லாச் சமயத்தாரும் அந்த மேசைகளில் அமர்கின்றனர். எந்த நாளில் வெளியே உண்பது என்று குடும்பம் விவாதிக்க வேண்டியதில்லை. நாள் முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

ஒவ்வோர் ஊருக்கும் இவ்வாறு ஒரு பெருமை உண்டு. சின்சினாட்டியில் இலவங்கப்பட்டை மணக்கும் இறைச்சிக் குழம்பை ஸ்பகெட்டியின் மேல் ஊற்றித் தருகின்றனர். கிரேக்கத்திலிருந்து குடியேறிய நிக்கலஸ் லாம்ப்ரினிடிஸ் 1949-இல் தொடங்கிய ஸ்கைலைன் உணவகம் அதற்குப் பெயர்பெற்றது. இண்டியானாவில் பன்றி இறைச்சியைத் தட்டி மெல்லியதாக்கி, ரொட்டித்தூளில் தோய்த்துப் பொரித்து, அதில் பாதி அளவே உள்ள பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். மில்வாக்கி நகரம் கஸ்டர்ட் பனிக்கூழுக்குப் புகழ்பெற்றது. அமெரிக்க உணவு விதிகளின்படி அதில் குறைந்தது 1.4 சதவீதம் முட்டை மஞ்சள்கரு இருந்தாக வேண்டும். முட்டை தவிர்க்கும் வாசகர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

இனி, டிரைவ்-இன் உணவகங்களுக்கு வருவோம். சென்னை வாசகர்களுக்கு இச்சொல் புதிதன்று. 1962-இல் கதீட்ரல் சாலையில் தொடங்கப்பட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், காருக்குள் அமர்ந்தபடியே தோசையும் காபியும் சுவைக்கும் வசதியைத் தந்தது. அம்முறை அமெரிக்காவிலிருந்து வந்தது. காரை அதற்குரிய இடத்தில் நிறுத்த வேண்டும். பணியாளர் வந்து கேட்டுச் செல்வார். சிறிது நேரத்தில் பாதி இறக்கிய கண்ணாடியில் டிரேயை மாட்டிவிட்டுப் போவார். ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் 1934 முதல் நடக்கும் ஸ்வென்சன்ஸ் உணவகத்தில் காரின் முகப்பு விளக்கை எரியவிட்டால் போதும், பணியாளர் ஓடி வருவார். சிகாகோவில் பெர்மன் தம்பதி 1948-இல் தொடங்கிய சூப்பர்டாக், இன்றும் அக்குடும்பத்தின் கையில் இருக்கிறது. இன்றும் காருக்கே உணவு வருகிறது.

டிரைவ்-இன் முறையையும், இன்று எங்கும் பரவியுள்ள டிரைவ்-த்ரூ முறையையும் பலர் ஒன்றென நினைக்கின்றனர். முதலாவதில் கார் நிற்கிறது. இரண்டாவதில் கார் வரிசையில் நகர்ந்து, பொட்டலத்தைப் பெற்றுக்கொண்டு வெளியேறுகிறது. நின்ற காரில் குடும்பம் அரைமணி நேரம் சேர்ந்திருக்கிறது. பின்னிருக்கைப் பிள்ளைகள் பேசுகின்றனர். முன்னிருக்கைப் பெற்றோர் கேட்கின்றனர். நகரும் காரில் ஓட்டுநரின் கவனம் சாலையில் இருக்கிறது. மற்றவர்களின் கவனம் பொட்டலத்தில் இருக்கிறது. இரண்டிலும் உணவு ஏறக்குறைய ஒன்றே. கிடைக்கும் நேரம் ஒன்றன்று. நாம் உணவகத்தில் பணம் கொடுத்துப் பெறுவது உணவை மட்டுமல்ல, அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் என்பதை வீட்டுக் கணக்கு எழுதுவோர் மறந்துவிடக் கூடாது.

பெரிய நிறுவனங்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. டிரைவ்-இன்கள் தொடக்கத்தில் இளைஞர்கள் கூடிக் கும்மாளமிடும் இடங்களாகவும் இருந்தன, குடும்பங்கள் தயங்கின. கலிபோர்னியாவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் 1948-இல் காருக்குப் பரிமாறும் பணியாளர்களை நீக்கி, உணவு வகைகளைக் குறைத்து, ஹாம்பர்கரை 15 சென்ட்டுக்கு விற்றனர். 1955-இல் சிகாகோவுக்கு அருகிலுள்ள டெஸ் பிளெய்ன்ஸில் அப்பெயரில் கடை திறந்த ரே கிராக், நாணயம் போட்டால் பாடும் இசைப்பெட்டிக்குக்கூட இடம் தரவில்லை. வெட்டியாக நிற்பவர்களைத் தவிர்த்துக் குடும்பங்களை ஈர்ப்பதே நோக்கம். விலையாலும் தூய்மையாலும் அந்நோக்கம் நிறைவேறியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும், அங்கே உணவின் சுவையைத் தீர்மானிப்பது ஊர் அன்று; தலைமையகம்.

பழைய உணவகங்களைப் புகழும்போது இன்னோர் உண்மையையும் மறைக்கக் கூடாது. அந்த மேசைகள் எல்லாக் குடும்பங்களுக்கும் திறந்திருக்கவில்லை. 1948 ஜூலையில் அயோவாவின் டி மோயின் நகரில், எட்னா கிரிஃபின் என்ற கறுப்பினப் பெண்மணி தம் குழந்தையுடனும் நண்பர்களுடனும் ஒரு மருந்துக்கடையின் சிற்றுண்டிப் பகுதிக்குச் சென்று பனிக்கூழ் கேட்டார். நிறத்தைக் காரணம் காட்டி மறுத்துவிட்டனர். அவர் போராட்டத்தில் இறங்கினார், வழக்கும் நடந்தது. கடை மேலாளர் குற்றவாளி என்ற தீர்ப்பை 1949-இல் மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒரு கிண்ணம் பனிக்கூழுக்காகவா இவ்வளவு என்று கேட்கலாம். குழந்தையுடன் சென்று பொது இடத்தில் அமர்ந்து உண்ணும் உரிமை எவ்வளவு பெரியது என்பது, அது மறுக்கப்பட்டவர்களுக்கே நன்கு தெரியும். சாதாரணக் குடும்ப உணவகத்தை நான் ஆடம்பரம் என்று கருதாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது கடைக்காரரின் கணக்கைப் பார்ப்போம். உணவகத் தொழிலில் இலாப விகிதம் குறைவு. பொருள் விலை, கூலி, வாடகை ஆகிய மூன்றும் ஏறிக்கொண்டே இருக்கும். விலையை அதே வேகத்தில் ஏற்றினால் குடும்பங்கள் வராமல் போகும். நீடித்து நிற்கும் கடைகள் பலவற்றில் உணவுப் பட்டியல் குறுகியது, குடும்பத்தாரே உழைக்கின்றனர். சொந்த இடமாக இருந்தால் அது பெரும் பலம். உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-இல் மூடப்பட்டதற்குக் காரணம் வாடிக்கையாளர் குறைவன்று. நிலம் அரசின் வசம் திரும்பியதே. வடக்கு மாநிலங்களின் கடுங்குளிரில் பல டிரைவ்-இன்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும். செயின்ட் லூயிஸ் நகரின் டெட் ட்ரூஸ் கஸ்டர்ட் கடை, பனிக்கூழ் விற்பனை மந்தமாகும் டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரங்களை விற்கிறது.

அக்கடை இருப்பது பழைய 66-ஆம் எண் நெடுஞ்சாலைத் தடத்தில். சிகாகோவிலிருந்து மேற்கே சென்ற அச்சாலையை நம்பி எத்தனையோ உணவகங்கள் தோன்றின. 1956-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் நீளத்துக்கு விரைவுச் சாலைகளைத் திட்டமிட்டது. போக்குவரத்து அவற்றுக்கு மாறியது. 1985-இல் 66-ஆம் எண் அதிகாரப்பூர்வப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. வழிப்போக்கர்களை மட்டும் நம்பியிருந்த கடைகள் தடுமாறின. டெட் ட்ரூஸ் கடையோ, இல்லினாய் மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள கோசி டாக் டிரைவ்-இன்னோ அழியவில்லை. சுற்றுலாப் பயணிகள் வந்து படம் எடுத்துக்கொள்வது உண்மைதான். ஆனால், இரண்டும் தமக்கென உள்ளூர் மக்களைக் கொண்ட நகரங்களில் இருப்பது தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை.

சிறு தொழிலுக்குக் கடன் வேண்டும். அமெரிக்காவில் 1953-இல் அமைக்கப்பட்ட சிறுதொழில் நிர்வாக அமைப்பு, வங்கிகள் தரும் கடனில் ஒரு பகுதிக்கு உத்தரவாதம் அளிக்கிறது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கடன் உத்தரவாத அறக்கட்டளையும் குறு, சிறு தொழில்களுக்கு அத்தகைய உதவியைச் செய்கிறது. ஆயினும், கடன் கடையைத் திறக்கத்தான் உதவும். தவணையைக் கட்ட உதவுபவர், பனி பெய்யும் செவ்வாய்க்கிழமையன்றும் வந்து அமரும் வாடிக்கையாளரே. ஆண்டுக்கு ஒருமுறை வந்து நூறு டாலர் செலவிடுபவரைவிட, மாதந்தோறும் வந்து இருபது டாலர் செலவிடுபவரால்தான் கடைக்காரர் எத்தனை கிலோ மாவு வாங்குவது, எத்தனை பேரை வேலைக்கு வைப்பது என்று திட்டமிட முடியும்.

அங்கே செல்லும் நம் வாசகர்களுக்கு இரண்டு நடைமுறைக் குறிப்புகள். முதலாவது, டிப்ஸ். மேசைக்கு வந்து பரிமாறும் உணவகங்களில் பில் தொகையில் 15 முதல் 20 சதவீதம் வரை தருவது வழக்கம். அதைத் தயாள குணத்தின் அடையாளமாகக் கருத வேண்டாம். டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்ச ஊதியம், மத்தியச் சட்டப்படி, 1991 முதல் மணிக்கு 2.13 டாலர் மட்டுமே. சில மாநிலங்கள் கூடுதலாக நிர்ணயித்துள்ளன. மின்னசோட்டா முழுக் குறைந்தபட்ச ஊதியத்தையே கோருகிறது. மற்ற இடங்களில் நீங்கள் தருவதே அவருடைய வருமானத்தின் பெரும்பகுதி. இரண்டாவது, அட்டை. அங்கே பில்லில் டிப்ஸ் தொகையை எழுதிக் கையொப்பமிடுவது பழக்கம். ஆகவே, முதலில் வரும் குறுஞ்செய்தியில் காணும் தொகையைவிட, கணக்கில் இறுதியாகப் பதிவாகும் தொகை அதிகமாக இருக்கலாம். பில்லின் நகலைப் பாதுகாத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பொரித்த உணவும் இனிப்பும் உடல்நலத்துக்கு ஏற்றவையா என்ற கேள்வி நியாயமானது. நாள்தோறும் உண்டால் கெடுதிதான். வாரம் ஒருமுறை, அளவறிந்து, பகிர்ந்துண்பதற்கே நான் வாதிடுகிறேன். வீட்டுச் சமையலுக்கு மாற்றாக உணவகத்தைப் பரிந்துரைக்கவும் இல்லை. அன்றாடம் சமைப்பவருக்கு ஒரு வேளை ஓய்வு கிடைப்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

தொடர் வைப்புக் கணக்கின் பலம் தொகையின் அளவில் இல்லை, தவறாமல் செலுத்துவதில் இருக்கிறது என்பது நம் வாடிக்கையாளர்கள் அறிந்ததே. குடும்பத்துடன் வெளியே உண்ணும் செலவையும் அவ்வாறே அமைத்துக்கொள்ளலாம். தொகை சிறியதாக இருக்கட்டும். நாள் உறுதியாக இருக்கட்டும். கடை, உரிமையாளரின் முகம் தெரிந்த கடையாக இருக்கட்டும். சிக்கனம் தேவைப்படும் மாதத்தில் பெரிய விருந்தைத் தள்ளிப்போடுங்கள். இந்தச் சிறிய செலவை இறுதிவரை வெட்டாமல் வைத்திருங்கள். வாடிக்கையாளர் வராத கடை ஒருநாள் மூடப்படும். அப்படி மூடப்பட்ட பிறகு அந்த வெள்ளிக்கிழமை மாலையை எந்தச் சேமிப்பைக் கொண்டும் திரும்ப வாங்க முடியாது.