சும்மா சைக்கிள் ஓடினால் என்ன?

யாழ்ப்பாணத்துக்குப் படிக்க வருகிற ஒவ்வொரு பச்சுக்கும் முதல் கிழமையிலேயே ஒரு பெருமை சொல்லித் தரப்படுகிறது: இது சைக்கிள் ஊர். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது குடாநாட்டைத் தாங்கியது சைக்கிள்தான் என்பார்கள். விறகும் நெல்லு மூட்டையும் சைக்கிளில் போனது, நோயாளியைக் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, கரண்ட் இல்லாத வீட்டில் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோவில் செய்தி கேட்டது. எல்லாம் உண்மை. 2022இல் நாடே எரிபொருள் வரிசையில் நின்றபோது சனம் திரும்பவும் பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தது. அதுவும் உண்மை.

ஆனால் இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் சைக்கிளுக்கு ஒரு அலுவல் இருக்கிறது. பள்ளிக்கூடம், ரியூசன், சந்தை, கோயில், கந்தோர். அலுவலோடு போகிற சைக்கிளை இந்த ஊர் கும்பிடும். அலுவல் இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பி, காத்து எந்தப் பக்கம் அடிக்குது என்று பார்த்து, 50 கிலோமீற்றர் ஓடிவிட்டு வர விரும்புகிற ஆளுக்கு இங்கே என்ன இடம் இருக்கிறது? அந்த ஆள் ஒரு பெட்டையாக இருந்தால்? வெளி மாவட்டத்தில் இருந்து வந்த, இங்கே ஒருவரையும் தெரியாத ஆளாக இருந்தால்?

இதை எழுதுகிற நாங்கள் மட்டக்களப்பு, முல்லைத்தீவு, வவுனியா, ஹட்டன் பக்கங்களில் இருந்து கலைப்பீடத்துக்கு வந்தவர்கள். பெட்டையளும் பெடியளும் கலந்த ஒரு சின்னக் கூட்டம். எங்களில் சிலர் சிறுவயதிலிருந்தே உழக்கியவர்கள். மலையகத்தில் இருந்து வந்தவர்களில் இரண்டு பேர் சைக்கிள் பழகியதே இங்கே வந்த பிறகுதான். ஏத்தமும் இறக்கமுமாக இருக்கிற ஊரில் ஆர் சைக்கிள் வாங்கித் தருவார்கள்? குடாநாடு தட்டையான நிலம். பழகுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் இலங்கையில் கிடைப்பது கஷ்டம். நிலம் எங்களுக்குத் தடை போடவில்லை. சனம்தான் போட்டது.

முதல் பிரச்சினை, எங்கே ஓடுவது என்று தெரியாமல் இருப்பது. போனில் இருக்கிற வரைபடத்தைக் கேட்டால் அது கண்டி வீதியையும் காங்கேசன்துறை வீதியையும் காட்டும். இ.போ.ச. பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஆளை ஏத்தப் போட்டிபோட்டு ஓடுகிற அந்த வீதிகளில் சைக்கிள்காரருக்கு மிஞ்சுவது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கிற ஒரு முழம் மண். வரைபடத்துக்குக் குறுக்கு வழி தெரியும், நல்ல வழி தெரியாது. கோண்டாவில், உரும்பிராய், நீர்வேலிப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களுக்கு நடுவால் போகிற ஒழுங்கைகளில் எது முட்டுச்சந்து, எது அடுத்த ஊரில் போய் ஏறும் என்று அது சொல்லாது.

காத்தைப் பற்றி அதுக்கு ஒன்றுமே தெரியாது. இங்கே மலை இல்லாததால் காத்துத்தான் மலை. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கில் இருந்து அடிக்கும். அந்த நாட்களில் பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போனால், போகேக்க முகத்தில் அடிக்கிற காத்து வரேக்க முதுகில் தள்ளும். களைத்த பிறகு உதவி கிடைக்கும். அதே சோளகத்தில் பருத்தித்துறைக்குப் போனால் கதை தலைகீழ். வல்லை வெளியில் பறக்கிற மாதிரி இருக்கும், "ஆகா, நாங்கள் வலு கெட்டிக்காரர்" என்று நினைப்போம். திரும்பி வரேக்க அதே வெளியில் ஒரு மரம் இல்லை, ஒதுங்க ஒரு சுவர் இல்லை, சைக்கிள் நகராது. மாரியில் வாடைக்காத்து வந்தால் இரண்டும் மாறிவிடும். இந்த ஒரு விசயம் தெரிந்தாலே புதிசாக ஓடுகிற ஆள் பாதி வழியில் அழத் தேவையில்லை.

இன்னும் இருக்கிறது. குறிகட்டுவான் வரை ஏறக்குறைய 30 கிலோமீற்றர். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் கடலுக்கு நடுவால் போகிற வீதியில் நிழலும் இல்லை, கடையும் இல்லை. தண்ணிப் போத்திலை வேலணையிலேயே நிரப்ப வேண்டும். வட்டமாக ஓட ஆசை என்றால் பண்ணையால் ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கே கடலைக் கடக்கிற பாதையில் சைக்கிளையும் ஏற்றி, காரைநகரில் இறங்கி, பொன்னாலைப் பாலத்தால் வட்டுக்கோட்டை, மானிப்பாய் என்று திரும்பலாம். அதுவும் கிட்டத்தட்ட 50 வரும். ஆனால் பாதை அண்டைக்கு ஓடுதா என்று கேட்டுவிட்டுத்தான் வெளிக்கிட வேணும். எல்லாவற்றுக்கும் மேலாக, விடிய ஆறு மணிக்கு முன்னம் தொடங்கினால் ஒன்பது மணி வெயிலுக்கு முன்னம் அறைக்கு வந்துவிடலாம்.

இதெல்லாம் பெரிய இரகசியம் இல்லை. இருந்தும் எங்களுக்கு இதைப் பொறுக்கிச் சேர்க்க ஒரு வருசம் எடுத்தது. ஏனென்றால் இந்த அறிவு ஒரு இடத்திலும் எழுதி வைக்கப்படவில்லை. அது ஆட்களிடம் இருக்கிறது, பெரும்பாலும் ஊர்ப் பெடியளிடம். அவர்களோடு சேர்ந்தால் கிடைக்கும், சேராவிட்டால் இல்லை.

சேரப் போனோம். நகரத்தில் சைக்கிள் ஓடுகிற ஒரு குழுவிடம் கேட்டபோது முதல் கேள்வி, "என்ன சைக்கிள் வச்சிருக்கிறீங்கள்?" முன்னால் கூடை வைத்த லுமாலா என்று சொன்னதும் அங்கால சிரிப்பு. இரண்டாவது கேள்வி, "சராசரி ஸ்பீட் எவ்வளவு?" ஒரு நாள் கூடப் போனோம். ஆவரங்கால் தாண்டினதோடு முன்னுக்குப் போனவர்களின் முதுகையும் காணவில்லை. ரயர் காத்துப்போன எங்கட தோழி வெயிலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒட்டுப் போடுற கடை தேடினாள். பின்னேரம் ஸ்ட்ராவாவில் அவர்களின் வேகம் எல்லாம் வடிவாக ஏறியிருந்தது. ஒருத்தரும் "வந்து சேர்ந்தீங்களோ?" என்று கேட்கவில்லை.

இதைத் தனிப்பட்ட மனவருத்தமாக நாங்கள் சொல்லவில்லை. வேகமாக ஓட விரும்புகிறவர்கள் ஓடட்டும், அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் பின்னால் வருகிறவரை விட்டுவிட்டுப் போகிற கூட்டத்தைக் குழு என்று கூப்பிடாதீங்கோ. ஆர் ஆரோடயும் சேர்ந்து வராமல் ஒரே நேரத்தில் ஒரே றோட்டில் ஓடுறதுக்கு ஒரு குழு தேவையில்லை.

பெட்டையளுக்கு இன்னொரு வாசலும் பூட்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பெண்கள் சைக்கிள் ஓடுவது புதினம் இல்லை. சீலை உடுத்த ரீச்சர்மார் தலைமுறை தலைமுறையாக ஓடியிருக்கிறார்கள். வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போவதுதான் இந்த ஊரின் காலைக் காட்சி. பெண் சைக்கிளில் ஏறுவதில் ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை. காரணம் சொல்லாமல் ஏறுவதில்தான் பிரச்சினை. "எங்க பிள்ளை போறாய்?" என்று போர்டிங் அன்ரி கேட்பார். "நூலகத்துக்கு" என்றால் கேற் திறக்கும். "சும்மா, தொண்டைமானாறு மட்டும் போயிட்டு வாறம்" என்றால் அடுத்த கேள்வி: "ஆரோட?" பெட்டையள் மட்டும் என்றால் பாதுகாப்பு இல்லை. பெடியளும் வருகினம் என்றால் ஒழுக்கம் இல்லை. இரண்டு பதிலும் பிழை என்றால் கேள்விதான் பிழை.

பிறகு வழி சொல்லித் தருகிறவர்கள். "அந்தப் பக்கத்தால போகாதேங்கோ, அந்த ஆக்கள் சரியில்லை." இந்த வசனத்தை நாங்கள் எத்தனையோ வீட்டு வாசலில் கேட்டுவிட்டோம். ஏன் சரியில்லை என்று கேட்டால் பதில் வராது, குரல் மட்டும் தணியும். பிறகு விளங்கியது, அது வீதியைப் பற்றிய தகவலே இல்லை. சாதியைப் பற்றிய தகவல். குழி, நாய், மணல் எதுவும் இல்லாத நல்ல தார் றோட்டு, கடலோரமாக வடிவான வழி. அதில் இருக்கிற ஒரே குறை, அங்கே ஆர் இருக்கினம் என்று சொல்லுகிறவருக்கு இருக்கிற அருவருப்பு. அந்த வழியால் நாங்கள் பல முறை போய்விட்டோம். தண்ணி கேட்டால் செம்பில் தந்து, "எவ்வளவு தூரம் பிள்ளையள் ஓடி வாறியள்?" என்று கேட்ட சனம் அங்கே இருந்தது. புது ஊருக்கு வந்த பிள்ளைக்கு வழி சொல்லுகிறோம் என்று சாதி வரைபடத்தைக் கையில் கொடுக்கிற வேலையை இனியாவது நிறுத்த வேணும்.

இன்னொரு வரைபடம் இருக்கிறது. அதை ஆமி கீறியது. 2025 ஏப்ரலில், 30 வருசத்துக்கு மேல் மூடிக்கிடந்த வசாவிளான்–பலாலி வீதி சனத்துக்குத் திறக்கப்பட்டது. திறந்தபோதே நிபந்தனைகளும் வந்தன. காலை 6 மணியில் இருந்து பின்னேரம் 5 மணி வரைதான். இடையில் நிற்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. அந்த நிபந்தனைகளை வாசித்தபோது எங்களில் பெட்டையள் சிரித்துவிட்டார்கள். நிற்காமல் போ, அங்க இங்க பார்க்காமல் போ, பொழுதுபட முன்னம் வந்திடு. இதைத்தானே வீட்டில் பத்து வயதில் இருந்து சொல்லுகிறார்கள்! தங்கட காணியைப் பார்க்க நின்று இறங்க முடியாத சனத்துக்கும், கடலைப் பார்க்க நின்று இறங்க முடியாத பெட்டைக்கும் நடப்பது ஒரே அளவான அநியாயம் என்று நாங்கள் சொல்லவில்லை. காணி இழந்தவரின் துக்கம் வேறு. ஆனால் இரண்டிலும் வீதி கடந்து போகிறதுக்கு மட்டும்தான், இருக்கிறதுக்கு இல்லை. அந்த ஒற்றுமையைப் பார்க்க மறுக்கிறவர்கள் ஒன்றை எதிர்த்துக்கொண்டே மற்றதைக் காவல் காப்பார்கள்.

எங்களுக்குச் சொல்லப்படுகிற மறுப்புகள் தெரியும். "விபத்து நடக்குது, அதுக்கு என்ன சொல்லுறியள்?" நடக்குது. வேகமாக வருகிற வாகனத்தைக் கட்டுப்படுத்துவதற்குப் பதில், மெதுவாகப் போகிறவரை வீட்டில் இருக்கச் சொல்வது என்ன நியாயம்? ஒரு வீதியில் தனியாகப் போகிற ஒரு சைக்கிளை பஸ் சாரதி காணாமல் விடலாம். எட்டுச் சைக்கிள் ஒன்றாகப் போனால் காணாமல் விட ஏலாது. பாதுகாப்பு வேணும் என்கிறவர்கள் எங்களோடு வந்தால் அந்த எண்ணிக்கை கூடும்.

"படிக்க வந்தனியளோ, ஊர் சுத்த வந்தனியளோ?" இரண்டுக்கும்தான். கலைப்பீடத்தில் புவியியலும் வரலாறும் சமூகவியலும் படிக்கிறவர்கள், திருநெல்வேலிச் சந்திக்கும் விரிவுரை மண்டபத்துக்கும் இடையில் நாலு வருசத்தைக் கழித்துவிட்டுப் பட்டத்தோடு போவது பெருமையா? நிலாவரைக் கிணற்றைப் பரீட்சைத் தாளில் எழுதுகிறோம், புத்தூருக்குச் சைக்கிளில் ஒரு மணித்தியாலம். போய்ப் பார்த்துவிட்டு எழுதினால் என்ன குறைந்துவிடும்?

"கம்பஸ் முடிய ஒரு ஸ்கூட்டி வாங்கினால் சரிதானே" என்பது கடைசி மறுப்பு. பெருமையான சைக்கிள் ஊரின் உண்மையான மனம் இதில்தான் தெரிகிறது. சைக்கிள் பழங்கதையாக இருந்தால் பொன்னாடை, இண்டைக்கு ஓடினால் இல்லாதவரின் வாகனம்.

ஆகவே நாங்கள் சில வேலைகளைத் தொடங்கியிருக்கிறோம், மற்றவர்களும் செய்யலாம். முதலாவது, ஓடின ஒவ்வொரு வழியையும் ஒரு கொப்பியில் எழுதுகிறோம்: தூரம், காத்து, நிழல், தண்ணி, ஒட்டுப் போடுற கடை, கழிவறை எங்கே இருக்கு என்பது வரை. கழிவறை என்று எழுதினதுக்குப் பெடியள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களே அந்த நிரலை நிரப்புகிறார்கள். அடுத்த பச் வரும்போது கொப்பியைப் படம் எடுத்து எல்லோருக்கும் கொடுப்போம். இரண்டாவது, ஆகப் பின்னால் வருகிறவர்தான் வேகத்தைத் தீர்மானிப்பார். முன்னுக்கு ஒருவர், கடைசியில் ஒருவர், கடைசி ஆளிடம் பம்பும் ஒட்டுச் சாமானும் இருக்கும். மூன்றாவது, என்ன சைக்கிள் என்று கேட்கப்படாது. பிரேக் பிடிக்குதா, பின்னால் லைற் எரியுதா என்று மட்டும் கேட்போம். சைக்கிள் இல்லாதவருக்கு ஒன்றை ஒழுங்குபடுத்துவோம். பழகத் தெரியாதவருக்குப் பழக்குவோம், இருபத்திரண்டு வயதில் விழுந்து எழும்புவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நாலாவது, "ஆரோட போறியள்?" என்று கேட்கிற அன்ரிமாருக்கு இனிப் பொய் சொல்லப் போவதில்லை. நூலகம் என்று சொல்லுகிற ஒவ்வொரு முறையும் அடுத்த தங்கச்சிக்கும் அதே பொய்யைக் கட்டாயமாக்குகிறோம்.

சனிக்கிழமை விடிய 5.45க்குப் பரமேஸ்வராச் சந்தியில் நிற்போம். இந்த முறை சாட்டிக் கடற்கரை வரை, போகவரக் கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர், சோளகம் முகத்தில்தான் அடிக்கும். ஆறு மணிக்கு வெளிக்கிடுவோம், பிந்தினால் கோல் எடுங்கோ, நிற்போம். இரண்டு தண்ணிப் போத்தில் கொண்டு வாங்கோ. அலுவல் ஒன்றும் தேவையில்லை.