தேவதைகளின் பட்டியல்

விசித்திரக் கற்பனை நாவல் ஒன்றின் கையெழுத்துப் பிரதியோடு ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். கதை நடப்பது பழைய பிலிப்பைன்ஸ் தீவுகளில். முதல் மூன்று பக்கங்களில் கதையைக் காணோம். ஒரு பட்டியல்தான் இருந்தது. சந்திரனை விழுங்கும் பாகுனாவா என்ற பாம்பு; இடுப்புக்கு மேலே உடம்பைப் பிரித்துக்கொண்டு பறக்கும் மனனங்கல்; வழிப்போக்கர்களைத் திசை தப்ப வைக்கும் குதிரைத் தலை திக்பாலாங். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் பலம், பலவீனம், கொல்லும் வழி.

"உலகம் தயார், சார். இனிமேல் கதைதான் பாக்கி" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல, இதுதான் உலக சிருஷ்டி என்று அவருக்குக் கற்பித்த வழக்கத்தின்மேல். மளிகைச் சீட்டில் அரிசியும் இருக்கிறது, பருப்பும் இருக்கிறது. அதை இலையில் வைத்து, "சாப்பிடுங்கள்" என்று யாராவது சொல்வார்களா?

ஏழாயிரத்துக்கும் அதிகமான தீவுகள்; நூற்றுக்கும் அதிகமான மொழிகள். அத்தனை பேருக்கும் பொதுவான ஒரே புராணம் அங்கே இருந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு கதைக்குள்ளும் ஒரு வாழ்க்கை முறை இருந்தது.

1582-ல் மிகேல் தெ லோவார்கா என்ற ஸ்பானியர் விசயத் தீவுக் கடற்கரை மக்களிடம் கேட்டு எழுதிவைத்த ஒரு கதையைப் பாருங்கள். ஒரு நாணல் தண்டு இரண்டாகப் பிளக்கிறது. ஒன்றிலிருந்து ஆண், மற்றொன்றிலிருந்து பெண். அவன் மணம் பேசுகிறான், அவள் மறுக்கிறாள். "நாம் ஒரே தண்டில் பிறந்தவர்கள். நடுவில் இருந்தது ஒரு கணுதான். அண்ணன் தங்கைக்குக் கல்யாணமா?" என்பது அவள் வாதம். சூரை மீன்களிடம் யோசனை கேட்கிறார்கள், புறாக்களிடம் கேட்கிறார்கள், கடைசியில் பூகம்பத்திடம் போய் நிற்கிறார்கள். உலகில் மனிதர் பெருக வேண்டும், மணந்துகொள்ளுங்கள் என்று பூகம்பம் தீர்ப்புச் சொல்கிறது.

ஐயா, இதுவல்லவா உலகம்! வீட்டையும் வயலையும் புரட்டிப் போடும் பூகம்பம் அங்கே குடும்பப் பெரியவர். அதனிடம் பயமும் உண்டு, நியாயம் கேட்கும் உரிமையும் உண்டு. இந்த உறவை எந்தப் பட்டியலில் எழுதுவீர்கள்?

புற்றில் குடியிருக்கும் கிழவனான நூனோவும் அப்படித்தான். புற்றருகே நடப்பவர்கள், "தாபி தாபி போ" என்று வழி கேட்டுவிட்டுத்தான் தாண்டுவார்கள். நூனோவின் பலம் பெரிதல்ல; அந்த உத்தரவு கேட்கும் பழக்கம் பெரிது. இந்த மண்ணில் நமக்கு முன்பே ஒருவர் குடியிருக்கிறார் என்ற அடக்கம் அது.

அந்த அடக்கத்தை எறிந்துவிட்டு, பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? 1950-களில் ஹுக் கிளர்ச்சிக்காரர்களை ஒடுக்க உதவிய அமெரிக்க அதிகாரி எட்வர்ட் லான்ஸ்டேல் 1972-ல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். குன்றில் அஸ்வாங் என்ற இரத்தம் குடிக்கும் பேய் உலவுவதாகப் படையினர் முதலில் வதந்தி பரப்பினார்கள். பிறகு ஒரு கிளர்ச்சிக்காரனைப் பிடித்து, கழுத்தில் இரண்டு துளைகள் இட்டு, இரத்தத்தை வடித்து, பிணத்தைப் பாதையில் போட்டார்கள். மறுநாள் குன்று காலியாகிவிட்டது.

அவர்களும் பட்டியல் படித்தவர்கள்தாம்! எழுத்தாளன் கொலைகாரன் அல்லன்; ஆனால் ஒரு ஜனங்களின் நம்பிக்கையை வெறும் கருவியாகக் கையில் எடுப்பதில் அவனும் அதே பள்ளியில்தான் பாடம் படிக்கிறான்.

"அப்படியானால் கற்பனைக்குச் சுதந்திரமே இல்லையா?" என்று கேட்பீர்கள். தாராளமாக உண்டு. புட்ஜெட் டானும் காஜோ பால்டிசிமோவும் 2005-ல் தொடங்கிய 'ட்ரெஸே' சித்திரக் கதையில் திக்பாலாங் மணிலா நகரச் சாலையில் இரவுப் பந்தயம் ஓடுகிறது. காடு போய் நகரம் வந்தது. ஆனால் மனிதருக்கும் மற்றவருக்கும் இடையே உள்ள உடன்படிக்கை போகவில்லை. அதைக் காப்பதுதான் கதாநாயகியின் தொழிலே. எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றினார்கள். அது சுதந்திரம். தெரியாமல் கலைப்பது வெறும் அலட்சியம்.

பிரதியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"முதல் மூன்று பக்கங்களைக் கிழித்துவிடுங்கள். புற்றருகே ஒரு பையன் வந்து நிற்கட்டும். அவன் உத்தரவு கேட்பானா, கேட்க மாட்டானா என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் பிரதியை வாங்கிக்கொண்டபோது, பட்டியலைத்தான் முதலில் மடித்தார்.