சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள்

"விமான நிலையத்துத் தீயணைப்புப் படைக்கு அப்படி என்ன வேலை? வருஷம் முழுவதும் வண்டியைத் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்; மாதம் பிறந்தால் சம்பளம்!" என்று ஒரு நண்பர் அங்கலாய்த்தார். அவர் படித்தவர், ஒழுங்காக வரி கட்டுகிறவர், நல்லவர். இத்தகைய நல்லவர்களின் அபிப்பிராயத்தைக் கண்டுதான் எனக்குப் பயம். எந்தச் செலவை வெட்டலாம் என்று தேடுகிற அதிகாரிகளுக்குத் தைரியம் கொடுப்பது இதுதான்.

அந்தச் 'சும்மா'வுக்கு ஒரு கணக்கு உண்டு. அபாய அழைப்பு வந்து 3 நிமிஷத்துக்குள் முதல் வண்டி ஓடுபாதையின் எந்தக் கோடியையும் எட்டி, நுரையைப் பீய்ச்சத் தயாராக நிற்க வேண்டும். 2 நிமிஷமானால் உத்தமம். 2 ஆண்டுக்கு ஒரு முறையாவது முழு அளவில் விபத்து ஒத்திகை நடத்த வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் வகுத்திருக்கும் முறை இது. பற்றிக்கொண்ட எரிபொருள் யாருக்காகவும் காத்திராது. அதனால்தான் மனிதர்கள் முன்னதாகவே காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்புத்தான் ஐயா, வேலை!

அது சரியாக நடவாவிட்டால் என்ன ஆகும்? 1980 ஆகஸ்டு 19-ஆம் தேதி ரியாத்திலிருந்து புறப்பட்ட சவுதியா விமானம் ஒன்று, சரக்கறையில் புகை கண்டு திரும்பி வந்து பத்திரமாகத் தரையிறங்கியது. ஆனால் உடனே நிற்காமல் உருண்டு போயிற்று. நின்ற பிறகும் இயந்திரங்கள் 3 நிமிஷத்துக்குமேல் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே, பிரயாணிகளை வெளியேற்றும் முயற்சியே நடக்கவில்லை. வெளியே நின்ற மீட்புப் படையினருக்குக் கதவைத் திறப்பதில் போதிய பயிற்சி கிடையாது. கதவு திறந்தபோது ஒருவரும் மிஞ்சவில்லை. 301 பேர்! தரையைத் தொட்டபின் போன உயிர்கள் அவை. இதை விதி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். 2024 ஜனவரி 2-ஆம் தேதி, டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில், இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல் படை விமானத்தின்மீது மோதிப் பற்றி எரிந்தது. காவல் படை விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் மாண்டார்கள். பெரிய விமானத்திலோ 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை; 8 வாசல்களில் 3 மட்டுமே உதவின. சிப்பந்திகள் உரக்கக் கூவியே வழிகாட்டினார்கள். அந்த நிறுவனம் 1985-இல் ஒரே விபத்தில் 520 உயிர்களைப் பறிகொடுத்தது. அந்த விமானத்தின் சிதைவுகளை 2006 முதல் காட்சிக்கு வைத்து, தன் ஊழியர்களுக்கு அதைப் பாடமாக்கி வருகிறது.

உலகம் இதை 'அற்புதம்' என்றது. நான் நாவல் எழுதுகிறவன். கடைசி அத்தியாயத்தில் ஓர் அற்புதத்தைப் புகுத்திக் கதாநாயகனைக் காப்பாற்றினால் நீங்களே என்னைப் பரிகசிப்பீர்கள். கதையில் காரணம் கேட்கிற வாசகர்கள் பத்திரிகைச் செய்தியில் மட்டும் ஏன் கேட்பதில்லை? அற்புதம் என்று சொல்லிவிட்டால் நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒத்திகைக்குப் பணம் ஒதுக்கவும் வேண்டியதில்லை. அந்தச் சௌகரியத்துக்காகத்தான் தெய்வத்தின் தலையில் பாரத்தைப் போடுகிறோம்.

குற்றம் அதிகாரிகளோடு நின்றுவிடவில்லை. சிப்பந்திப் பெண் வாசலைக் கைகாட்டும்போது ஜன்னலுக்கு வெளியே பார்ப்பவர்கள் நாம்தான். 2016 ஆகஸ்டு 3-ஆம் தேதி துபாயில், திருவனந்தபுரத்திலிருந்து போன விமானம் ஓடுபாதையில் விழுந்து தீப்பிடித்தது. அந்தப் புகைக்கு நடுவிலும் சிலர் தலைக்கு மேலிருந்த பெட்டியை எடுக்க முனைந்தார்கள். விமானத்தில் இருந்த 300 பேரும் பிழைத்தார்கள். தீயோடு போராட வந்த வீரர் ஒருவர் வெடிப்பில் உயிர் துறந்தார்.

என் நண்பருடைய கணக்கில் அவரும் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர்தான். அவரைப் போன்றவர்களுக்கு நல்ல வண்டியும் போதிய ஆளும் இடைவிடாத பயிற்சியும் தரவேண்டும் என்று கேட்பது தர்மம் அல்ல, கடன். அடுத்த முறை ஆகாயத்தில் ஏறுமுன் அந்தக் கடனை நினைத்துக்கொள்ளுங்கள்; பெட்டியை மறந்துவிடுங்கள்.