ஓனர் இல்லாத நச்சு நிலம்: சுத்தம் செய்யும் பில் யாருக்கு?

ராணிப்பேட்டையில் இயங்கிய 'தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்' ஆலை 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்றது, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு. பல ஆண்டுகள் மழையில் கரைந்து நிலத்தடி நீரிலும் இறங்கியது. அதிலுள்ள குரோமியம்-6 புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

இப்படிப்பட்ட நிலத்தைச் சுத்தம் செய்யும் செலவு யார் தலையில் விழும்?

சட்டம் என்ன சொல்கிறது?

'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்.' ராஜஸ்தானின் பிச்ரி கிராம வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆனால், மாசடைந்த நிலத்துக்கான தனி விதிகளை மத்திய அரசு வெளியிட்டது 2025 ஜூலையில்தான்.

அதன்படி என்ன நடக்கும்?

* சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும்.
* மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாள்களில் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். விரிவான ஆய்வுக்கு மேலும் 3 மாதங்கள்.
* மாசு உறுதியானால், அதற்குக் காரணமானவர் யார் என்பதை வாரியம் கண்டறிய வேண்டும். செலவு அவருடையது.

கம்பெனியே இல்லைன்னா?

காரணமானவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அல்லது அவரிடம் பணம் இல்லை என்றால், மத்திய, மாநில அரசுகள் செலவை ஏற்கும். சிம்பிளாகச் சொன்னால், நம்ம வரிப்பணம். லாபம் பார்த்தவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர். ஆனாலும், யாருமே பொறுப்பேற்காமல் நிலம் அப்படியே கிடப்பதற்கு இது பரவாயில்லை.

ஆள் கிடைத்தால் போதுமா?

போதாது. பிச்ரியில் கிணற்று நீரைக் கெடுத்த நிறுவனங்கள் எவை என்பது நீதிமன்றத்துக்குத் தெரியும். சீரமைப்புச் செலவு 37.385 கோடி ரூபாய் என்று கணக்கும் போட்டாயிற்று. ஆனாலும், மனு மேல் மனு போட்டு விஷயம் இழுத்தடிக்கப்பட்டது. கடைசியில் 2011-ல், 12% கூட்டு வட்டியோடு கட்டச் சொன்னது உச்ச நீதிமன்றம். தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் 15 ஆண்டுகள்!

புதிய விதிகளின் ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. ஆய்வுக்குக் கெடு உண்டு. நிலம் எப்போது சுத்தமாகி முடிய வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான கெடு இல்லை. தாமதமாக ஆக, நச்சு நிலத்தடியில் இன்னும் பரவும், செலவு ஏறும். அதற்குள் கம்பெனி சொத்தை விற்றுவிட்டால், பில் மறுபடி அரசிடமே வரும்.

உங்கள் ஊர் நிலம் பட்டியலில் வந்தால் கவனிக்க வேண்டியவை இரண்டு: காரணமானவர் என்று யார் பெயர் இருக்கிறது? வேலை முடிய என்ன தேதி போட்டிருக்கிறது?