முன்மதியுள்ள கன்னியரும் மோட்டார் எண்ணெயும்

பத்துக் கன்னியர் உவமையை அறியாத மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் அந்தப் பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. பத்துப் பேருமே உறங்கிவிட்டார்கள். ஆனால் ஐந்து பேர் மட்டும் விளக்கோடு எண்ணெய்ப் பாத்திரத்தையும் முன்கூட்டியே எடுத்து வந்திருந்தார்கள். முன்மதிக்கும் அறிவீனத்திற்கும் இடையே இருந்த வேறுபாடு அந்த ஒரு பாத்திரந்தான்!

இந்த உவமைக்கும் மோட்டார் வண்டிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். கடந்த விடுமுறையில் நாங்கள் கண்டதும் செய்ததுமான ஒரு காரியமே இத்தொடர்பை எங்களுக்கு உணர்த்தியது.

நாங்கள் வட்டக்கோட்டைப் பக்கத்திலிருந்து பள்ளிக்கு வரும் தோழியர். எங்களுள் ஒருத்தியின் தந்தை, கன்னியாகுமரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு வண்டி ஓட்டுகிறார். செலவைக் குறைக்க வண்டியின் இஞ்சின் ஆயிலைத் தாமே வீட்டு முற்றத்தில் மாற்றுவார். அன்று நாங்களும் உதவிக்கு நின்றோம். கையில் கிடைத்த பழைய பெயிண்ட் டப்பாவை அடியில் வைத்துவிட்டு அவர் போல்ட்டைக் கழற்றினார். கறுத்த எண்ணெய் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பாய்ந்தது. டப்பா நிரம்பி வழிந்தது. போல்ட்டும் எண்ணெய்க்குள் விழுந்துவிட்டது. சாக்கைத் தேடி ஒருத்தி ஓட, மணலை அள்ளி ஒருத்தி கொட்ட, முற்றம் முழுதும் கரியாயிற்று. திண்ணையில் இருந்த பாட்டி, “ஏன் மக்ளே, பொம்பளப் பிள்ளையளுக்கு எதுக்கு இந்தக் கரி வேல?” என்று கேட்டாரே பார்க்கலாம்!

அன்று டப்பாவில் மிஞ்சிய எண்ணெய் எங்கே போயிற்று தெரியுமா? கொல்லையில் தென்னைமரத்தடியில் ஒரு குழிக்குள் போயிற்று. அந்தக் குழியிலிருந்து சிறிது தூரத்தில்தான் நாங்கள் தண்ணீர் இறைக்கும் கிணறு இருக்கிறது. ஊற்றும்போது எங்களில் எவருக்கும் அது தோன்றவில்லை. இரவு படுத்த பிறகே தோன்றியது. தோன்றிய பின் உறக்கம் வரவில்லை.

எனவே நாங்கள் சொல்ல விரும்பும் கருத்து இதுதான்: வீட்டில் எண்ணெய் மாற்றுவது நல்ல காரியமே. ஆனால் பழைய எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடத்திற்குப் போய்ச் சேரும்வரை அந்த வேலை முடிந்ததாகாது. ஆகவே முதலில் பாத்திரம், பிறகே போல்ட்.

வேலை அழுக்காவதற்குக் காரணம் எண்ணெய் அல்ல, ஆயத்தமின்மையே. இதை உணர்ந்து அடுத்த முறை பெரியவர் மேற்பார்வையில் நாங்கள் முறையாகச் செய்தோம். அந்த முறையை இங்கே தருகிறோம்.

முதலாவது, அளவை அறிய வேண்டும். சிறிய காருக்குச் சுமார் 3 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். ஸ்கூட்டருக்கு ஒரு லிட்டருக்கும் குறைவே. சரியான அளவும் எண்ணெயின் வகையும் வண்டியோடு வரும் கையேட்டில் அச்சாகியிருக்கும். அந்த அளவைப்போல் இருமடங்கு கொள்ளும் அகலமான, ஆழம் குறைந்த பழைய பேசினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழே பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, மேலே உமியோ மரத்தூளோ தூவிவிட்டால் சிந்தும் துளிகளை அது குடித்துக்கொள்ளும். முற்றம் முற்றமாகவே இருக்கும்.

இரண்டாவது, இஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திச் சற்று ஆறவிடுங்கள். இளஞ்சூட்டில் எண்ணெய் இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு முழுவதும் வடியும். கொதிக்கும் எண்ணெய் கையைச் சுட்டுவிடும். ஆகவே அவசரம் கூடாது. மேலேயுள்ள எண்ணெய் மூடியைத் திறந்துவைத்தால் எண்ணெய் குபுகுபுவென்று துள்ளாமல் சீராக இறங்கும்.

மூன்றாவது, ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் நுழையவே கூடாது. சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை நிறுத்த வேண்டும். இவை இல்லாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியின் குழாய் வழியாக மெல்லிய குழலை நுழைத்து, கைப்பம்பால் எண்ணெயை மேலிருந்தே உறிஞ்சிவிடலாம். எல்லா வண்டிகளுக்கும் இது பொருந்தாது. பொருந்தும் வண்டிக்கு அடியில் படுக்கும் வேலையே இல்லை.

நான்காவது, போல்ட்டின் கடைசிச் சுற்றுகளைக் கையால் கழற்றும்போது, அதை உள்நோக்கி அழுத்திக்கொண்டே திருப்புங்கள். முழுவதும் கழன்றதும் சட்டென்று கையைப் பக்கவாட்டில் இழுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் முழங்கை வரை வழியாது; போல்ட்டும் பேசினுக்குள் விழாது. ஆயில் பில்டரைக் கழற்றுமுன் அதன்மேல் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பையை மாட்டிவிட்டால், உள்ளே நிற்கும் எண்ணெய் பைக்குள்ளேயே விழுந்துவிடும். புதிய பில்டரின் ரப்பர் வளையத்தில் புதிய எண்ணெயைத் தடவிக் கையாலேயே முறுக்கினால் போதும். பழைய வளையம் இஞ்சினில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க மறவாதீர்கள்.

ஐந்தாவது, போல்ட்டைப் புதிய வாஷரோடு இறுக்கி, புனல் வைத்து எண்ணெய் ஊற்றி, சிறிது நேரம் இஞ்சினை ஓட்டி நிறுத்தி, கசிவு உண்டா, அளவு சரியா என்று பாருங்கள். கையுறை அணிவது பகட்டல்ல. பழைய எண்ணெய் நாள்தோறும் தோலில் படுவது உடலுக்குக் கேடு என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

இனி, பேசினில் நிற்கும் அந்தக் கறுப்பு எண்ணெய்க்கு வருவோம்.

ஒரு பங்கு பழைய எண்ணெய் பத்து லட்சம் பங்கு நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது. நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று லிட்டர் எண்ணெய் முப்பது லட்சம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்கும். ஒரு குடம் 15 லிட்டர் என்றால், இரண்டு லட்சம் குடங்கள்! இடுப்பில் குடம் சுமக்கும் நமக்கு இந்த எண்ணிக்கையின் பாரம் புரியாமற் போகுமா?

வட்டக்கோட்டைக்குச் சென்றவர்கள் அங்குள்ள காட்சியை மறக்க மாட்டார்கள். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரான டச்சுக்காரர் டி லனாய் வலுப்படுத்திய கருங்கற்கோட்டை அது. மதிலின்மேல் நின்றால் ஒருபுறம் மலைத்தொடர், மறுபுறம் நீலக்கடல், கீழே கருமணல். அந்த மணலின் கறுப்பு, தாதுக்களால் இயற்கை தீட்டிய கறுப்பு. நம் கையால் இன்னொரு கறுப்பை அங்கே சேர்க்கலாமா? ஓடையில் ஊற்றும் எண்ணெய் மழையோடு கடலுக்குத்தான் போகும். பகைவரின் கப்பலைத் தடுக்கக் கோட்டை கட்டினார்கள். நம் கொல்லையிலிருந்து போகும் எண்ணெயை எந்த மதில் தடுக்கும்?

கடலில் எண்ணெய் கலந்தால் என்னாகும் என்பதைத் தமிழ்நாடு கண்ணாரக் கண்டிருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையில் ஒதுங்கிய எண்ணெய்ச் சேற்றை மனிதர்கள் வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, மீனவரின் படகும் வலையும் கறுத்துப்போயின. அவை பெரிய விபத்துகள், செய்தித்தாளில் வந்தன. நாம் கொல்லையில் ஊற்றுவது செய்தியில் வருவதில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு ஊற்றினால் அதுவும் பெருந்தீங்கே அல்லவா? டீசல் இஞ்சின் வைத்த படகுகளுக்கும் இது பொருந்தும்.

“கறையானுக்குப் பூசலாம், புழுதி அடங்கத் தெளிக்கலாம்” என்று சிலர் சொல்வதுண்டு. பூசியதும் தெளித்ததும் மழையில் கரைந்து மண்ணுக்குத்தான் போகின்றன. எரித்தால் புகையாகி நம் மூச்சுக்குள் வருகிறது. ஆகவே பழைய எண்ணெயை மூடியுள்ள கேனில் ஊற்றி, “பழைய ஆயில்” என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, அதைச் சேகரித்துக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பிலோ சர்வீஸ் நிலையத்திலோ ஒப்படைப்பதே முறை. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ தண்ணீரோ அதில் கலக்கக் கூடாது. எண்ணெய் உண்மையில் தேய்ந்துபோவதில்லை, அழுக்காகத்தான் ஆகிறது. சுத்திகரித்தால் மீண்டும் எண்ணெயாகவே பயன்படும். மனந்திரும்பிய மனிதனைப் போல என்று சொன்னால் மறைக்கல்வி ஆசிரியை எங்களைக் கோபிக்க மாட்டார் என நம்புகிறோம்!

நம் நாட்டுச் சட்டமும் பழைய எண்ணெயை அபாயகரக் கழிவு என்றே சொல்கிறது. எண்ணெயைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களே பழையதை மறுசுழற்சி செய்யும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. விதி நல்லதே. ஆனால் சிற்றூரில் ஒருவர் மூன்று லிட்டர் கேனோடு எங்கே போவார்? புதிய எண்ணெய் விற்கும் கடையிலேயே பழையதை வாங்க ஒரு டிரம் இருந்தால் எவரும் கொல்லையில் குழி தோண்ட மாட்டார்கள். ஊர்தோறும் அப்படி ஓரிடம் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. பங்குப் பேரவைகளும் பெற்றோர் சங்கங்களும் இதை எடுத்துச் சொன்னால் கேட்பவர் உண்டு.

“மெக்கானிக்கின் பிழைப்பில் மண் போடலாமா?” என்று கேட்பீர்கள். கூடவே கூடாது. புதிய வண்டியை உத்தரவாதக் காலம் முடியும்வரை நிறுவனம் சொல்லும் இடத்திலேயே விடுவதுதான் நல்லது. பெரிய பழுதுக்கு மெக்கானிக்கே வேண்டும். ஆனால் ஒருமுறை தானே செய்து பார்த்தவர்தான் அவருடைய உழைப்பின் அருமையை உணர்வார். கூலியில் பேரம் பேசவும் கூசுவார்.

பாட்டியின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டுமே! 1888இல் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, தம் கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியில் இரு மகன்களோடு ஜெர்மனியில் நெடுந்தூரம் பயணம் செய்தார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தம் தொப்பி ஊசியாலேயே குத்திச் சரிசெய்தார். அவ்வளவு தூரம் போவானேன்? நம் குமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி 1993இல் அரசுப் பேருந்தின் ஓட்டுநராகி நாடெங்கும் பேசப்பட்டார். கரி, கையில் பட்டால் சோப்புக்குப் போகும். அறியாமை அவ்வாறு போகாது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில் இந்தப் பூமியை நம் பொது இல்லம் என்றார். அந்த இல்லத்தின் முற்றத்தில்தான் நாம் வேலை செய்கிறோம்.

இரண்டாம் முறை எண்ணெய் மாற்றிய அன்று முற்றத்தில் ஒரு துளி சிந்தவில்லை. மூடிய கேனை ஒருத்தி ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு ஒப்படைக்கப் புறப்பட்டாள். பாட்டி திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்து, “மூடி இறுக்கமா இருக்கா மக்ளே?” என்று மட்டும் கேட்டார்.

தோழியரே, உங்கள் வீட்டில் அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது, பாத்திரத்தை எடுத்து வைக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அது போதும்.