28 ரூபாய் வட்டு

திருமுல்கேரி வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பழைய தமிழ்ப் பட வட்டுகள் கிடைத்தன. பாதிக்கு மேல் மோசர் பேர் நிறுவனம் வெளியிட்டவை. செகந்திராபாத்தில் உட்கார்ந்துகொண்டு தமிழ்ப் படத்துக்கு ஏங்கிய எங்களுக்கு ஒரு காலத்தில் அது சொந்தக்காரர் பெயர் மாதிரி. 2007 வாக்கில் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்றுத் திருட்டு வட்டுக்காரர்களையே திணறடித்தார்கள். ‘பூ’ படத்தைக்கூடத் தயாரித்தார்கள்.

1983-இல் டெல்லியில் நேரப்பதிவுக் கருவி செய்யத் தொடங்கிய நிறுவனம். பிறகு ஃபிளாப்பி, அப்புறம் சிடி, டிவிடி. ஒன்று மங்குமுன் அடுத்ததைப் பிடித்துக்கொண்டே வந்தது. பென் டிரைவும் இணையமும் வட்டைத் தின்னத் தொடங்கிய நாட்களில் சூரிய மின்தகட்டுக்குத் தாவியது. தாவியதைத் தவறென்று சொல்ல மாட்டேன். கடன் சுமையோடு தாவியதுதான் வினை. சீனத் தகடுகளின் விலை சரிந்ததும் கால் ஊன்ற இடமில்லை. 2017-இல் திவால் நடவடிக்கை, மறு ஆண்டே சொத்தை விற்றுக் கணக்கை முடிக்க உத்தரவு.

எனக்கு உறுத்துவது வேறு. நிறுவனத்தின் தொழிலாளர் சங்கம் தங்கள் நிலுவைக்கு முன்னுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023-இல் மனு தள்ளுபடி. யாருக்கு முதலில் பணம் என்று திவால் சட்டம் வகுத்த வரிசைதான் செல்லுமாம். அதில் 24 மாத நிலுவைக்குத்தான் முன்னிடம். அதற்கு மேல் உழைத்த மாதங்கள் யார் கணக்கு?

பெட்டியைப் பரணிலேயே ஏற்றிவிட்டேன். வட்டைப் போட்டுப் பார்க்க வீட்டில் எந்தக் கணினியிலும் வாயில்லை.